நாற்பத்தோராம் பக்கம்

ஜனவரி 9

அன்புத் தவளைக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. உடம்புக்கோ மனசுக்கோ ஏதாவது வந்தால்தான் நீ பேனாவைத் தொடுவாய். மூன்று மாதமாக ஒரு வரியும் இல்லை என்பதால் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டேன். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "இருக்கு" என்கிறார். இருப்பது எனக்கும் தெரியும்.

ஒரு செய்தி. சுற்றுச்சூழல் துறை ஆராய்ச்சிகளுக்கு மானியம் கொடுக்கிறதே, அந்தத் திட்டம் உருப்படியாக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளரைத் தேடினார்கள். என்னைப் போட்டுவிட்டார்கள். ஆமாம், உன் ஏரிக்குப் பணம் கொடுக்கும் அதே திட்டம்தான். குதிக்காதே. முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டேன்: நிதி பெறுபவர்களில் ஒருவர் என் உடன்பிறந்த தம்பி, அவருடைய ஆய்வைத் தொடவும் மாட்டேன், அதைப் பற்றி வாய் திறக்கவும் மாட்டேன் என்று. இயக்குநர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இப்படி யாருமே எழுதிக் குடுத்ததில்ல மேடம். இங்க பாதிப் பேரு யாருக்காவது மச்சான்தான்" என்றார். நான் சிரிக்கவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

ஆகவே உன் ஏரிக்கு நான் மதிப்பெண் போடப்போவதில்லை. திட்டம் மொத்தமாக எப்படி நடக்கிறது, பணம் யாருக்குப் போகிறது, கண்டுபிடித்துச் சொன்னதை வைத்து யாராவது ஏதாவது செய்கிறார்களா, இதுதான் என் வேலை. ஓர் அறையும் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

நீ எட்டு வருஷமாக அவர்களிடம் பணம் வாங்குகிறாய். வாங்குகிற கையிலிருந்து பார்த்தால் திட்டம் எப்படி இருக்கிறது? உள்ளதை உள்ளபடி எழுது. நமக்குள் பூசி மெழுகுவது கிடையாது. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது என்றுதானே கடிதத்துக்கு வந்தோம்?

என் குட்டி மருமகளுக்கு முத்தம். அவளுடைய அம்மாவிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். எதற்குக் கோபம் என்று அவள் கேட்டால், மறந்துவிட்டது என்று சொல்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 26

அன்புள்ள அக்கா,

நான் பேனாவைத் தொட்டுவிட்டேன், ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் முழங்கால் இருக்கிறது. உன் தம்பி மனைவி, "எதுக்குக் கோபம்னு அவங்களுக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கலைன்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். இனி நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிற கையிலிருந்து கேட்டாயே, சொல்கிறேன். நம் ஆய்வு நிலையம் உனக்குத் தெரியும்: பழைய பம்ப் அறை, ஒரு மேசை, மேசையைவிடப் பெரிய ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் முழுக்க ஏரித் தண்ணீரும் ஏரியடிச் சேறும், வாரம் ஒரு பாட்டில். படகுக்காரர் படகைப் பிடித்துக்கொள்வார், நான் குனிந்து அள்ளுவேன். என் மகள் பள்ளிவிட்டு வந்து அந்தப் பாட்டில்களுக்கு நடுவில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். எதிர்க்கரையில் பேட்டரி தொழிற்சாலை. சுவருக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்து "இயற்கையைக் காப்போம்" என்று எழுதியிருக்கிறார்கள். சுவருக்குக் கீழே ஒரு குழாய் இருக்கிறது, அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை.

சேற்றில் ஈயம் ஏறிக்கொண்டே போகிறது, அக்கா. முதல் நான்கு வருஷம் எனக்கே சந்தேகம், என் கருவிதான் பழுதோ என்று. இப்போது சந்தேகமே இல்லை. ஊர் முழுவதும் இந்த ஏரியைத்தான் குடிக்கிறது, என் வீடு உட்பட. ஆனால் இதை நானாகக் குடிநீர் வாரியத்திடம் போய்ச் சொல்ல முடியாது. மானிய விதி அப்படி. என்ன கண்டுபிடித்தாலும் துறைக்கு ஆண்டறிக்கையாகக் கொடுக்க வேண்டும், துறை படித்துப் பார்த்துச் சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பும். படித்துப் பார்த்து என்ற இடத்தில்தான் சிக்கல்.

இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன். யாருக்கும் தெரியாது. அறிக்கை அனுப்புகிறேன், "கிடைத்தது" என்று ரசீது வருகிறது, அதோடு சரி. ஈயம் என்று கொட்டை எழுத்தில் போட்டும் ஒரு கேள்வி இல்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாற்பத்தோராம் பக்கத்தின் நடுவில், மீன்கள் பற்றிய பத்திக்குள், ஒரு வரி சேர்த்தேன்: "இந்த வரியை வாசிப்பவர் தயவுசெய்து எனக்குப் போன் செய்யவும், டீ வாங்கித் தருகிறேன்." ஏன் நாற்பத்தொன்று? ஈயக் கணக்கு நாற்பத்திரண்டில் இருக்கிறது. டீக்கு ஆசைப்பட்டு வருகிறவர் அடுத்த பக்கத்தையும் புரட்டுவார் என்று ஒரு நப்பாசை. யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷமும் அதே வரி, அதே பக்கம். மூன்றாம் வருஷம் டீயோடு பிஸ்கட்டும் சேர்த்துப் பார்த்தேன். ம்ஹூம். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சிரித்தாயா? நான் எழுதும்போது சிரித்தேன். முடித்ததும் சிரிப்பு வரவில்லை.

உன்
தவளை


பிப்ரவரி 15

அன்புத் தம்பி,

சிரித்தேனா என்று கேட்டாயே, உன் கடிதத்தை பஸ்ஸில் படித்துத் தொலைத்தேன். பிஸ்கட் வந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டு அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அப்புறம் திட்ட அலுவலகத்துக்கு நேரில் போனேன். சுவர் நீளத்துக்கு இரும்பு பீரோக்கள். அறிக்கைகளை வருஷவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. உன்னுடையது இருந்த அடுக்கின் பக்கம் நான் போகவே இல்லை. கொடுத்த வாக்கு வாக்குதான். அங்கே ஒரு குமாஸ்தா, பாவம், நல்ல மனிதர். "இதையெல்லாம் யார் படிக்கிறது?" என்று கேட்டேன். "படிக்கிறதா மேடம்? வாங்கி வைக்கச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு" என்றார். அட்டை நீல நிறமா, கையெழுத்து இருக்கிறதா, குறித்த தேதிக்குள் வந்ததா, இந்த மூன்றும் சரியாக இருந்தால் அடுத்த தவணை பணம் போய்விடும். ஒருவருடைய அட்டை பச்சையாக இருந்ததற்காக ஆறு மாதம் பணத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அவர் என்ன ஆராய்ந்தார் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை, தவளை. எத்தனை பேர் எத்தனை வருஷம் வெயிலிலும் சேற்றிலும் நின்றது அந்த பீரோவுக்குள் கிடக்கிறது!

இதை நான் சும்மா விடப்போவதில்லை. ஆனால் "அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை" என்று மொட்டையாக எழுதினால், "யார் சொன்னது?" என்பார்கள். உன் டீ கதையை அறிக்கையில் சேர்த்துக்கொள்ளட்டுமா? பெயர் போட மாட்டேன், ஏரி என்று கூடச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

தாராளமாகச் சேர்த்துக்கொள். என் டீ யாருக்கும் பயன்படாமல் ஆறிப்போவதற்கு உனக்காவது பயன்படட்டும். பெயர் மட்டும் வேண்டாம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், இது வேடிக்கை இல்லை. தொழிற்சாலையின் உரிமம் இந்த வருஷம் முடிகிறது. ஜூன் கடைசியில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். அன்றைக்குத் துறை எழுந்து, எங்களிடம் எட்டு வருஷக் கணக்கு இருக்கிறது, ஈயம் ஏறுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழாயை அடைத்தே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் பத்து வருஷத்துக்கு உரிமம். அப்போது என் மகளுக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்கும். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் பிடிக்கும், மூளையைப் பிடிக்கும். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் உன் அறிக்கையைத்தான் நம்பியிருக்கிறேன். என் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தையும் நீ சொல்ல வேண்டாம். நீ போடுகிற சத்தத்தில் யாராவது ஒரு புண்ணியவான் பீரோவைத் திறந்து என் அறிக்கையை எடுத்தால் போதும். ஜூனுக்குள்.

அப்பா உன்னை வரச் சொல்கிறார். "அவ அரசாங்கத்தயே திருத்தப் போறாளாம், முதல்ல வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

உன்
தவளை


மே 4

அன்புத் தம்பி,

கொடுத்துவிட்டேன்! நேற்று மாலை, நூற்றுப் பத்துப் பக்கம். நீல அட்டைதான், கவலைப்படாதே.

ஒவ்வோர் அறிக்கையும் வந்த ஒரு மாதத்துக்குள் அந்த ஆய்வுத்துறை அறிந்த ஒருவரால் படிக்கப்பட வேண்டும். மக்கள் உடல்நலத்தைத் தொடும் முடிவாக இருந்தால் ஆய்வாளரே நேராகக் குடிநீர் வாரியத்துக்கு அனுப்பலாம். படித்தவர் கேள்வி கேட்டதற்கு ஆதாரம் இருந்தால்தான் அடுத்த தவணை. இவைதான் என் பரிந்துரைகளில் முக்கியமானவை. நான் இதுவரை எழுதியதிலேயே நல்ல அறிக்கை இதுதான் என்று கூச்சமில்லாமல் சொல்வேன்.

உன் கதை மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன், பார்: "நிதி பெற்ற ஆய்வாளர் ஒருவர், வாசிப்பவர் தம்மைத் தொலைபேசியில் அழைக்குமாறு கோரும் ஒரு வரியைத் தம் ஆண்டறிக்கையின் நாற்பத்தோராம் பக்கத்தில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சேர்த்துவந்தார். ஒருவரும் அழைக்கவில்லை." டீயை எடுத்துவிட்டேன், அரசாங்கத்துக்கு டீ ஆகாது. அறிக்கையை வாங்கிய கூட்டத்திலேயே இயக்குநர் இந்தப் பத்தியை இரண்டு முறை உரக்கப் படித்தார். தைத்துவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

இனி பீரோ திறக்கும்.

அன்புடன்,
அக்கா


மே 20

அக்கா,

பீரோ திறந்தது.

முதலில் ஒரு போன் வந்தது. எட்டு வருஷத்தில் திட்ட அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த முதல் போன். நீ சொன்ன அந்தக் குமாஸ்தா. "சார், மன்னிச்சுக்குங்க, உங்களுக்கு ஒரு நோட்டீஸ் வருது. அதுக்கு முன்னாடி நானே சொல்லிரலாம்னு கூப்பிட்டேன்" என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எல்லா ரிப்போர்ட்டையும் மேசையில கொட்டி, உறையக் கிழிச்சு, நாப்பத்தோராம் பக்கத்த மட்டும் புரட்டிப் புரட்டிப் பாத்தாங்க சார். மொத்த ஆபீசும் ராத்திரி வரைக்கும் இதே வேலை. உங்களது கிடைச்சதும் நிறுத்திட்டாங்க."

"அடுத்த பக்கத்தப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"அடுத்த பக்கம் எதுக்கு சார்? தேடினதுதான் கிடைச்சிருச்சே."

நோட்டீஸ் மறுநாளே வந்தது. அரசு ஆவணத்தில் பொருத்தமற்ற வாசகத்தைச் சேர்த்துத் துறையை இழிவுபடுத்தியது, அதன் மூலம் ஆய்வின் நம்பகத்தன்மையைக் கெடுத்தது. மானியம் நிறுத்தம். எட்டு வருஷ அறிக்கைகளும் "விசாரணை முடியும்வரை பயன்படுத்தத் தகாதவை". ஜூன் கூட்டம் வருவதற்குள் விசாரணை முடியாது.

பெயர் வேண்டாம் என்றேன், நீ பெயர் போடவில்லை. பக்க எண் எதற்கு, அக்கா? "ஓர் அறிக்கையில்" என்று எழுதினால் ஆகாதா? எனக்குத் தெரியும் நீ ஏன் போட்டாய் என்று. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாராவது "எங்கேயோ படித்தேன்" என்று சொன்னால், எந்தப் பக்கம் என்று கேட்டுக் கழுத்தை அறுப்பாய்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று அப்பா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தினேன்: இந்த நுணல் தன் வாயால் கெடவில்லை, தன் அக்கா வாயால் கெட்டது.

சரி, போனது போகட்டும். இன்னும் நாள் இருக்கிறது. ஒன்று மட்டும் செய். துறைக்கு ஒரு கடிதம் எழுது: அந்த வரி யாராவது படிக்கிறார்களா என்று பார்க்க வைத்த வரி, என் தம்பி சொந்தக் கடிதத்தில் என்னிடம் சொன்னது, அதற்கும் ஆய்வின் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை, கூட்டத்துக்கு முன்னால் நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் படியுங்கள் என்று. நீ சொன்னால் கேட்பார்கள். இன்றைக்கு அவர்கள் கேட்கிற ஒரே ஆள் நீதான்.

தம்பி


மே 28

அன்புத் தம்பி,

உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பக்க எண்ணைப் போட்டது என் தப்பு. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதக் கை வராது எனக்கு. அது யார் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் நீ கேட்கிற கடிதத்தை என்னால் எழுத முடியாது. கோபப்படாமல் கடைசிவரை படி.

உன் ஆய்வைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை மீறி, இந்தச் செய்தி என் தம்பி எனக்கு எழுதிய கடிதத்திலிருந்து வந்தது என்று நானே சொன்னால் என்ன ஆகும்? அக்காவும் தம்பியும் சேர்ந்து திட்டத்தைக் கவிழ்க்கப் பார்த்தார்கள் என்பார்கள். என் அறிக்கை முழுவதும் குப்பைக்கூடைக்குப் போகும். அந்த பீரோவில் உன் ஏரி மட்டும் இல்லை, தவளை. எத்தனை ஆறு, எத்தனை காடு, எத்தனை ஊர்க் கிணறு! என் பரிந்துரைகளை ஏற்றுக்கொண்டால் அத்தனைக்கும் விடிவு. ஒன்றைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் விடச் சொல்கிறாயா? ஒரு வருஷம் பொறு. புதிய விதிகள் வரட்டும். நீ மறுபடி விண்ணப்பம் போடு, உன் கணக்கை மறுக்க யாராலும் முடியாது.

அப்புறம், கேட்க வேண்டாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் நமக்குள் பூசி மெழுகுவது கிடையாது. அந்த வரியை நீ எழுதியிருக்க வேண்டுமா? எட்டு வருஷ உழைப்பின் நடுவில் ஒரு விளையாட்டு?

பணம் அனுப்பியிருக்கிறேன். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போ.

அன்புடன்,
அக்கா


ஜூலை 6

அக்கா,

கூட்டம் முடிந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நோட்டீஸ் வாங்கிய ஆள் பேசக் கூடாது என்று என்னைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். படகுக்காரர் எழுந்து, "தண்ணி கெட்டுப்போச்சுய்யா, எங்க சாரு எட்டு வருஷமா எழுதி வச்சிருக்காரு" என்றார். தொழிற்சாலையின் வக்கீல் சிரித்த முகத்தோடு துறை அதிகாரியைக் கேட்டார்: "அப்படி ஏதாவது ஆய்வு உங்ககிட்ட இருக்குங்களா?" அதிகாரி எழுந்து, நம்பத்தகுந்த எந்த ஆய்வும் துறையிடம் இல்லை என்றார். பத்து வருஷத்துக்கு உரிமம். கைதட்டினார்கள், அங்கே வேலை பார்ப்பவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே.

நிலையத்துக்கு சீல் வைத்துவிட்டார்கள். வைத்த கையோடு மின்சாரத்தையும் நிறுத்திவிட்டுப் போனார்கள். ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கிறது. நான்கு நாள் கழித்து ஜன்னல் வழியாக நாற்றம் வந்தது. எட்டு வருஷம், அக்கா. மழையில் நனைந்து, காய்ச்சலோடு போய், மகள் பிறந்த வாரத்திலும் விடாமல் அள்ளிய எட்டு வருஷம் அழுகிய நாற்றம் அது.

நீ எழுதியதை எல்லாம் படித்தேன். ஒன்றைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் விடுவதா என்று கேட்டிருந்தாய். நீ காப்பாற்றியது ஆற்றையும் காட்டையும் இல்லை, உன் அறிக்கையை. அதைச் சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. விளையாட்டு எதற்கு என்றும் கேட்டாய். ஒருவராவது படித்திருந்தால் அந்த விளையாட்டுக்கு நான் ஏன் போகிறேன்? நீ அந்த அலுவலகத்தில் நின்றபோது என் அறிக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நீயும் திறக்கவில்லை. வாக்கு வாக்குதான், இல்லையா?

உன் பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பாவின் முழங்காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 12

என் அன்புத் தம்பிக்கு,

நீ பதில் போடுவாய் என்று ஒவ்வொரு வாரமும் பார்த்தேன். போட மாட்டாய் என்று தெரிந்த பிறகும் எழுதுகிறேன்.

நேற்று என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். ஒரு சின்னக் கூட்டம், எனக்குச் சால்வை போட்டார்கள். இயக்குநர் பேசும்போது, மதிப்பீட்டு அறிக்கையின்மீது துறை உடனடி நடவடிக்கை எடுத்துவிட்டது என்றார். என்ன நடவடிக்கை என்று நானே கேட்டேன். "அதான் மேடம், நீங்க சுட்டிக் காட்டின ஆளு மேல" என்றார். என் பரிந்துரைகள் என்ன ஆயின? பரிசீலனையில் இருக்கின்றனவாம். ஒன்று மட்டும் உத்தரவாகிவிட்டது: இனிமேல் ஆய்வாளர்கள், அறிக்கையில் பொருத்தமற்ற வாசகம் எதுவும் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பீடு நிறைவேற்றப்பட்டது என்று கோப்பை மூடிவிட்டார்கள். நூற்றுப் பத்துப் பக்கத்தில் அவர்கள் படித்தது ஒரே ஒரு பத்தி, தவளை. உன்னை மாட்டிவிட்ட பத்தி.

அங்கேயே, எல்லோர் முன்னாலும், நீ மே மாதம் கேட்டதைச் சொன்னேன். அவன் என் தம்பி, அது சோதனைக்கு வைத்த வரி, அடுத்த பக்கத்தைப் படியுங்கள் என்றேன். இயக்குநர் என் தோளைத் தட்டாத குறையாக, "அவர் ஆய்வப் பத்திப் பேச மாட்டேன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க மேடம்? உங்க நேர்மைய நாங்க மதிக்கிறோம்" என்றார். என் கையெழுத்தை எடுத்து என் வாயிலேயே அடைத்தார்.

நீ சொன்னது சரி. நான் காப்பாற்றியது என் அறிக்கையைத்தான். அதையும் காப்பாற்றவில்லை. மேயில் சொல்ல வேண்டியதைச் செப்டம்பரில் சொன்னவளுக்கு மன்னிப்புக் கேட்க முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன்
அக்கா


அக்டோபர் 3

அக்கா,

திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். திட்டு வரவில்லை, செய்திதான் வருகிறது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. விதிமீறல் என்று கோப்பில் எழுதிய ஆளை எந்தக் கல்லூரியும் எடுக்கவில்லை. எடுத்தது எதிர்க்கரை. பேட்டரி தொழிற்சாலையில் நீர்ப் பரிசோதனை அதிகாரி. நல்ல சம்பளம், குளிர்சாதன அறை, மேசை ஃபிரிட்ஜைவிடப் பெரியது. அதே ஏரிதான். இந்தப் பக்கமிருந்து அள்ளுகிறேன், அவ்வளவுதான். படகுக்காரர் என்னைப் பார்த்தால் படகைத் திருப்பிக்கொள்கிறார். குடிக்கிற தண்ணீரை இப்போது வெளியிலிருந்து கேனில் வாங்குகிறோம், அந்தச் சம்பளத்தில். ஊரில் மற்றவர்கள் குழாயைத்தான் திறக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிறார்கள். மேலாளர் படிக்கிறார், வக்கீல் படிக்கிறார், பெரிய முதலாளியே படிக்கிறார். எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று பக்கத்தோடு குறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். மாற்றிக் கொடுக்கிறேன்.

நீ கூட்டத்தில் பேசியது பெரிய விஷயம்தான். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் உன்மேல் கோபம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. அதைவிட மோசம் ஒன்று. பேனாவை எடுத்தால் பயமாக இருக்கிறது. இதை அக்காவிடம் சொல்லலாமா, இது நாளைக்கு எங்கே போய் நிற்கும் என்று ஒவ்வொரு வரிக்கும் யோசிக்கிறேன். உன்னிடம் எழுதும்போது மட்டும்தான் யோசிக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

தம்பி


நவம்பர் 1

என் அன்புத் தவளைக்கு,

நீ அங்கே சேர்ந்ததற்கு உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலையை விட்டுவிட்டேன். இனி நான் யாருக்கும் மதிப்பீட்டாளர் இல்லை, எந்தக் கையெழுத்தும் என்னைக் கட்டாது.

ஒரு பத்திரிகைக்காரரிடம் பேசினேன். ஆதாரம் கொடுத்தால் போடுகிறேன் என்கிறார். இப்போது அந்த ஏரியில் ஈயத்தை அளக்கிற ஆள் நீ ஒருவன்தான். மாற்றுவதற்கு முன்னால் உன் கருவி காட்டிய உண்மையான எண்ணை மட்டும் சொல், தம்பி. ஒரே ஓர் எண். பெயர் வராது, பக்கம் வராது, ஏரி, கரை, கிழமை எதுவும் வராது. நம் அப்பாமேல் ஆணை. எனக்காக வேண்டாம். குழாயைத் திறக்கிற அந்தப் பிள்ளைகளுக்காக.

ஏரி எப்படி இருக்கிறது?

உன்
அக்கா


நவம்பர் 19

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். தங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா நன்றாக இருக்கிறார். மகள் பள்ளிக்குச் செல்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். சென்ற வாரம் நல்ல மழை பெய்தது.

தாங்கள் கேட்டிருந்த விஷயம். ஏரித் தண்ணீர் நன்றாக இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
தம்பி